கழற்றும் முன் கேளுங்கள்: மெதுவேக ஆயில் இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்த்தல்

அத்தியாயம் 7

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அடையாற்றுக்குப் பக்கத்தில் செடி நர்சரி நடத்தும் ஒரு அம்மா போன் செய்தார். "சார், எங்க மாமனார் காலத்து ஆயில் இன்ஜின். தண்ணியில நின்னுச்சு. இப்ப சக்கரம் அசைய மாட்டேங்குது. பிஸ்டன், லைனர், ரிங் எல்லாம் புதுசா வாங்கி வெச்சுட்டேன். வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போங்க."

போய்ப் பிரித்தோம். அளந்தோம். லைனர் தேய்ந்திருந்தது 0.08 மில்லிமீட்டர். பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை. ரிங்குகள் துருவில் பிடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அவர் வாங்கிய பிஸ்டனும் லைனரும் இன்றும் பெட்டியிலேயே இருக்கின்றன. பிரிக்கும் முன்பே பணம் போய்விட்டது.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இன்ஜினை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் இதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டாலும் போதும்: அளக்காமல் ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள். ஸ்பானர் பிடிக்கும் கையைவிட, ஃபீலர் கேஜ் பிடிக்கும் கைதான் இந்த வேலையில் காசைக் காப்பாற்றும்.

எந்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோம்

சென்னை மாகாணத்தில் கிணற்று நீரை ஆயில் இன்ஜினால் இறைக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே செய்து காட்டியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரி அந்த இடத்துக்கு வந்தது 1920இல்தான். அதற்கு முந்திய காலத்தில் அந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் அவர். அன்றைய இன்ஜின்களில் பலவற்றைக் கிளப்ப முதலில் தலைப்பகுதியை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930ஐ ஒட்டிக் கொண்டுவந்த சி.எஸ். வகை, அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. சூடேற்றாமல் கைப்பிடியைச் சுற்றினாலே கிளம்பும். அந்த இன்ஜின் டர்ஸ்லியில் நின்றுபோன பிறகும் அதே அச்சில் ராஜ்கோட் பட்டறைகள் செய்துகொண்டே இருந்தன. நம் ஊர்க் கிணறுகளிலும் மாவு மில்களிலும் "லிஸ்டர் டைப்" என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் அவைதான்.

6/1 என்ற குறி 6 குதிரைச் சக்தி, 1 சிலிண்டர் என்பதைச் சொல்கிறது. சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம், அதாவது 114.3 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஐந்தரை அங்குலம், 139.7 மி.மீ. நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பு என்பதால் நிமிடத்துக்கு 325 அடி. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். இந்த மெதுவேகத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. பிஸ்டன் விநாடிக்குச் சராசரி 3 மீட்டர் ஓடுகிறது. இன்று பம்ப்செட்டுகளில் பார்க்கும் 1500 சுற்று, 110 மி.மீ. ஸ்ட்ரோக் இன்ஜினில் அதே கணக்கு ஐந்தரை மீட்டர். எனவே நன்றாகப் பராமரித்த மெதுவேக இன்ஜின் தேய்ந்து கெடுவது அரிது. நான் இந்த நகரத்தில் பிரித்தவற்றில் பெரும்பாலானவை ஓடிக் கெட்டவை அல்ல, நின்று கெட்டவை. சாந்தோமிலிருந்து திருவான்மியூர் வரை கடல் காற்றில் உப்பு இருக்கிறது. ஓடாத இன்ஜினின் திறந்த வால்வு வழியாக அந்தக் காற்று உள்ளே போய் லைனர் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

எப்போது, எங்கே செய்வது

ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தியாகராய நகரில் துரைசாமி, மேட்லி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று, ஊரெல்லாம் பம்ப் தேடும் நாளில் உங்கள் இன்ஜின் பிரித்துப் போட்டுக் கிடக்கக் கூடாது. ஆடியில் தொடங்குங்கள், லேத் பட்டறையில் கூட்டம் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைக்கும்போது அது முழு இன்ஜினாக நிற்க வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி வைத்திருந்த கெடு அது. இன்றுவரை நானும் அதை மாற்றவில்லை.

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் வேலை செய்வோர் உண்டு. பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் அது போதும். ஆனால் தரைக்குக் கீழே இருக்கும் நிறுத்தத்தில் ஒரு நிமிடம்கூட இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றுவதற்குள் கால் எழும்பாது.

ஹெட் மட்டம் பிடிக்க, கிராங்க் கிரைண்டிங் செய்ய கிண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. நட்டு, போல்ட், பேரிங், பெல்ட்டுக்குப் பாரிமுனைக் கடைத்தெருக்கள். பழைய உதிரிக்குப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். "6/1 ரிங் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், அதே பெயரில் அகலம் வேறான ரிங் கைக்கு வரும்.

வடித்த பழைய எண்ணெயை மாம்பலம் கால்வாயிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெய் எடுக்கும் உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். இரண்டு கால்வாயும் நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகின்றன.

கழற்றும் முன்

ஓடுகிற நிலையில் இன்ஜின் வந்தால், ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கையில் நோட்டு இருக்கட்டும்.

புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு: நாசில் ஒழுகுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, லோடு அதிகமா. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது: ரிங் அல்லது வால்வு கைடு. சூடான பிறகும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே வருகிறது.

சத்தத்தைக் கேளுங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வையுங்கள். கீழே கதவுப் பக்கம் கனமான 'தொம்' என்றால் பிக் எண்ட். மேலே 'டிக் டிக்' என்றால் டாப்பட். எங்கே வைத்தாலும் ஒரே கனமான தட்டல் கேட்டால், பிக் எண்டைச் சந்தேகிக்கும் முன் ஃபிளைவீல் கீயைப் பாருங்கள். கீ தளர்ந்த சத்தத்தைக் கேட்டுக் கிராங்கையே கழற்றியவர்கள் உண்டு.

நிறுத்திய பிறகு கம்ப்ரஷன் பாருங்கள். டிகம்ப்ரஷன் லீவரை மூடிவிட்டு, ஃபிளைவீலைக் கையால் கம்ப்ரஷனுக்கு எதிராகத் தள்ளுங்கள். நல்ல சிலிண்டர் ஸ்பிரிங் போலத் திருப்பி எறியும். மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தால் காற்று கசிகிறது. எங்கே கசிகிறது என்பதையும் கேட்கலாம்: சைலன்சரில் சீறினால் புகை வால்வு, ஏர் ஃபில்டரில் சீறினால் காற்று வால்வு, கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயில் சீறினால் ரிங்.

நர்சரி இன்ஜினில் இது எதற்கும் வழியில்லை; சக்கரமே அசையவில்லை. அங்கே நான் செய்த முதல் வேலை வடிகால் பிளக்கைத் திறந்தது. முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது, கிட்டத்தட்ட ஒரு சொம்பு. அதற்குப் பின்னால் பால் கூடின காபி நிறத்தில் எண்ணெய். அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று மணல் இல்லை, மினுக்கும் உலோகத் துகளும் இல்லை. அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது: பேரிங்குகள் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் மினுங்கியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற இன்ஜினுக்கு ஒரு விதி: தண்ணீரையும் எண்ணெயையும் வடிக்காமல், நாசிலைக் கழற்றாமல் கைப்பிடியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பெல்ட்டோ வண்டியோ கட்டி இழுத்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பிரிக்கும் வரிசை

வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டை எதுவும் வேண்டாம். டீசல் டேங்க் வால்வை மூடுங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்.

1. படம் எடுங்கள். நான்கு பக்கமும், கவர்னர் கம்பிகளைக் கிட்டத்திலும். சேர்க்கும் நாளில் ஞாபகத்தை நம்ப முடியாது.

2. ஃபிளைவீலில் உச்ச நிலையைக் குறியுங்கள். பழைய குறி இருந்தாலும் சரிபார்க்க வேண்டும். அதற்கான முறை சேர்க்கும் பகுதியில் இருக்கிறது, ஹெட்டை எடுத்த பிறகுதான் செய்ய முடியும்; பிடித்துக்கொண்ட இன்ஜினுக்கு விடுவித்த பிறகு குறிக்கலாம்.

3. டீசல் குழாய்களைக் கழற்றி, இரண்டு முனையையும் சுத்தமான பிளாஸ்டிக்கால் உடனே மூடுங்கள். பம்பின் எலிமெண்டுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. தெருத் தூசி ஒரு துளி போதும் அதைக் கெடுக்க.

4. ராக்கர், புஷ் ராட்களைக் கழற்றி, எது காற்றுப் பக்கம், எது புகைப் பக்கம் என்று சீட்டுக் கட்டி வையுங்கள்.

5. ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டால் ஓரத்தில் உளி செருகாதீர்கள். மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் அதன் தூசி நுரையீரலுக்குள் போகும். நனைத்து, ஈரத்தோடு சுரண்டிப் பையில் கட்டிப் போடுங்கள்.

6. கிராங்க்கேஸ் கதவைத் திறந்து, பிக் எண்ட் மூடியைக் கழற்றுங்கள். அதற்கு முன் மூடிக்கும் ராடுக்கும் ஒரே பக்கத்தில் மையக்குத்தி அடியுங்கள். மூடி திரும்பி மாட்டப்பட்டால் பேரிங் ஒரு மணி நேரம் தாங்காது. மூடிக்கு அடியில் எண்ணெயை வாரி அடிக்கும் கரண்டி போன்ற துண்டு இருக்கும். இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் கொண்டுபோய்ச் சேர்க்காத இடங்களுக்கெல்லாம் எண்ணெய் போவது அந்தத் தெறிப்பில்தான். அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

7. லைனரின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ரிங் எட்டாத இடத்தில் தேயாத வரம்பு ஒன்று நிற்கும். நகத்துக்குத் தட்டினால் அதை முதலில் வழித்தெடுங்கள். பிறகுதான் பிஸ்டனை மேலே தள்ள வேண்டும்.

பிடித்துக்கொண்ட பிஸ்டனுக்குப் பொறுமைதான் கருவி. டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து பிஸ்டன் தலையில் ஒரு விரல் உயரம் ஊற்றி விட்டுவிடுங்கள். நர்சரி இன்ஜினுக்கு மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் என்னோடு வந்த பையன் சுத்தியலைத் தூக்கினான். "அண்ணே, ஒரே அடி. வந்துரும்." "வரும் தம்பி. பிஸ்டன் இரண்டா வரும்" என்றேன். மூன்றாம் நாள் காலை, பிஸ்டன் தலைக்குப் பொருந்தும் வேப்பங்கட்டை ஒன்றை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே, அவன் ஃபிளைவீலை முன்னும் பின்னும் ஆட்டினான். முதலில் ஒரு நூலளவு. பிறகு ஒரு விரலளவு. பிறகு துருத்தண்ணீர் ஓரத்தில் வழிய, முழுச் சுற்றும் வந்தது.

ஃபிளைவீலை அவசியமில்லாமல் கழற்றாதீர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் ஆள் எடை. கழற்ற வேண்டி வந்தால், கீயின் தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆப்பு அடித்துக் கீயை வெளியே இழுக்க வேண்டும். செயின் பிளாக் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

எல்லாம் பிரித்த பிறகு கிராங்க்கேஸின் மூலை முடுக்கைக் கழுவுங்கள். இந்த வகை வார்ப்புகளில், புதிதாக வாங்கிய இன்ஜினில்கூட, வார்ப்பு மணல் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. அது உதிர்ந்து எண்ணெயில் கலந்தால் அரத்தால் ராவுவதுபோல் பேரிங்கைத் தின்னும். கம்பித் தூரிகையால் தேய்த்து, டீசலில் கழுவி, துடைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள்.

அளத்தல்

இதுதான் இந்த வேலையின் நடு மையம். மெக்கானிக்குகள் "தௌ" என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ.

லைனர் தேய்மானத்தை அளக்க போர் கேஜ் வேண்டும். கையில் இல்லையா? ஒரு புது ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கை லைனரின் அடியில், பிஸ்டன் ரிங் உரசாத இடத்தில் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளிச் சமமாக்குங்கள். வாய் இடைவெளியை அளந்து எழுதுங்கள். அதே ரிங்கை மேலே, அதிகம் தேயும் இடத்தில் வைத்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் தேய்மானம். வட்டத்தின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதன் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும் என்ற பள்ளிக்கூடக் கணக்குதான் இது.

நர்சரி இன்ஜினில் அடியில் 0.40, மேலே 0.65. வித்தியாசம் 0.25, வகுத்தால் 0.08 மி.மீ. மூன்று தௌ. அந்த அம்மாவே ஃபீலர் தகட்டை ரிங் வாயில் நுழைத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா சார்? இதுக்கா அந்தப் பெட்டிய வாங்கினேன்?" அளவு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன் பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

புது ரிங்கின் வாய் இடைவெளிக்குப் பொதுக் கணக்கு: விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 3 முதல் 4 தௌ. நாலரை அங்குலத்துக்கு 0.35இலிருந்து 0.45 மி.மீ. வரை. குறைந்தால் சூட்டில் ரிங் நீண்டு வாய் முட்டி உடையும். மெல்லிய அரத்தால் ராவிச் சரிசெய்யுங்கள்.

பிக் எண்டுக்கு, கிராங்க் பின் மேல் மெல்லிய ஃபியூஸ் வயர் துண்டை வைத்து மூடியை முழுதாக முறுக்கி, திறந்து, நசுங்கிய தடிமனை மைக்ரோமீட்டரில் அளங்கள். ஓர் அங்குல விட்டத்துக்கு ஒரு தௌ என்பது நல்ல இடைவெளி. அதன் இரு மடங்கைத் தாண்டிவிட்டால் பேரிங் மாற்றும் நேரம். பின் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று நாலு பக்கமும் அளந்து பாருங்கள். முட்டையாகியிருந்தால் புது பேரிங் போட்டுப் பயனில்லை. கிராங்க் கிரைண்டிங்குக்குப் போக வேண்டும்.

தொழில் கற்ற காலத்தில் நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். தேய்ந்த லைனரின் மேல் வரம்பை எடுக்காமல் புது ரிங் போட்டேன். பழைய ரிங் தேய்ந்து உருண்டிருந்ததால் அந்த வரம்பைத் தொடாமல் ஓடியது. புது ரிங்கின் கூர் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் அதில் முட்டியது. மூன்றாம் நாள் மேல் ரிங் உடைந்து, லைனரைத் தலையிலிருந்து அடிவரை உழுதுவிட்டது. நல்ல லைனர் ஒன்று என் கையால் போயிற்று. அன்றிலிருந்து என் நகம் தொடாமல் எந்த லைனரிலும் புது ரிங் இறங்குவதில்லை.

ஹெட், வால்வு, நாசில்

வால்வை அதன் இருக்கையில் கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேயுங்கள். முழுச் சுற்றாகச் சுற்றாமல், கடைந்தெடுப்பதுபோல் முன்னும் பின்னுமாகச் சுழற்றி, இடையிடையே தூக்கி இடம் மாற்றி வையுங்கள். வால்விலும் இருக்கையிலும் முறியாத சாம்பல் நிற வளையம் வந்ததும் பேஸ்டை முழுதாகக் கழுவுங்கள். ஸ்பிரிங் மாட்டி, துவாரத்தில் டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். வால்வைச் சுற்றிக் கசியக் கூடாது.

தண்ணீர் ஜாக்கெட்டில் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டி எடுங்கள். கடலோரப் போர்வெல் தண்ணீரை இன்ஜின் டேங்கில் ஊற்றினால் அது மறுபடி படியும். தமிழ்நாட்டில் 2003இலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரை ஒரு டிரம் பிடித்து வைத்தால், இன்ஜினுக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை.

நாசிலைப் பம்ப் கடையில் டெஸ்டரில் வைத்துப் பாருங்கள். மெல்ல அழுத்தும்போது 'கிர்ர்' என்ற நடுக்கத்தோடு பனிபோல் பீய்ச்சி, சட்டென நிற்க வேண்டும். நுனியில் சொட்டு தொங்கினால் அந்த நாசில் வேண்டாம். பீய்ச்சும் வழியில் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கும். துளைத்த இடம் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் கையையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

திரும்பச் சேர்த்தல்

எல்லாப் பாகத்தையும் எண்ணெய் தடவியே மாட்டுங்கள். ரிங் வாய்கள் ஒரே கோட்டில் நிற்காமல் சுற்றிலும் பிரிந்து நிற்கட்டும். பிக் எண்ட் மூடியை மையக்குத்திக் குறி பார்த்து மாட்டி, ஸ்பிலிட் பின் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டு மிச்சம் பிடிக்கும் காசு இரண்டு ரூபாய். அது உடைந்தால் ராட் கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

உச்ச நிலை குறித்தல்: ஹெட் மூடும் முன் செய்யுங்கள். பிஸ்டன் தலை லைனர் விளிம்பிலிருந்து சரியாக 20 மி.மீ. கீழே இருக்கும்போது ஃபிளைவீலில் ஒரு கோடு. பிஸ்டன் மேலே போய் மறுபக்கம் 20 மி.மீ. இறங்கும்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுமையம்தான் உச்ச நிலை. உச்சியில் பிஸ்டன் நிற்பதுபோலத் தோன்றும் இடம் அகலமானது. கண்ணை நம்பிக் குறித்தால் தவறும்.

பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி: பிஸ்டன் தலையில் சால்டர் ஈயக்கம்பி இரண்டு துண்டுகளை, கஜன் பின்னின் நேர்மேலே கிரீஸ் தடவி ஒட்டுங்கள். ஹெட்டை மாட்டி முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, திறந்து நசுங்கிய தடிமனை அளங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவைவிடக் கூடினால் கம்ப்ரஷன் குறையும். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் ஹெட்டில் முட்டும். அடித் தகடுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள்.

இன்ஜெக்‌ஷன் நேரம்: 650 சுற்று லிஸ்டர் வகைக்கு உச்சிக்கு முன் 20 டிகிரி. டிகிரியை மில்லிமீட்டராக்க, ஃபிளைவீலைச் சுற்றி டேப் பிடித்து, வரும் அளவை 18ஆல் வகுங்கள். 600 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 1885 மி.மீ.; அதில் 20 டிகிரி 105 மி.மீ. உச்சிக் கோட்டுக்கு முன் அந்தத் தூரத்தில் குறி போடுங்கள். நாசில் குழாயைக் கழற்றி, பம்ப் வாயில் டீசல் நிறைந்து நிற்கட்டும். சக்கரத்தை மெல்லத் திருப்பும்போது அந்த டீசல் முகம் எந்த இடத்தில் முதன்முதலாக அசைகிறதோ அதுதான் ஆரம்பம். குறியோடு ஒத்துப்போக வேண்டும்.

டாப்பட் இடைவெளியைத் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு வையுங்கள். புகை வால்வு அதிகம் சூடாகி நீளுவதால் அதற்கு இடைவெளி கூடுதலாக இருக்கும். அந்த அளவுகளை ராக்கர் மூடியின் உட்புறத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு இதைத் திறப்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

முதல் ஓட்டம்

கிளப்பும் முன் இரண்டு விஷயம். பம்பின் ராக் கவர்னரோடு தடையில்லாமல் போய் வருகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். அது திறந்த நிலையில் சிக்கினால் இன்ஜின் வேகம் கட்டுப்பாடில்லாமல் ஏறும். அந்த நேரத்தில் காற்று வாயை அடைக்க ஒரு கனமான பலகையைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அடைக்கக் கையைப் பயன்படுத்தாதீர்கள்.

டீசல் குழாயில் காற்றை வெளியேற்றுங்கள். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக் கைப்பிடியைப் பிடியுங்கள். சக்கரம் வேகம் எடுத்ததும் லீவரைப் போட்டு, கைப்பிடியை உருவிக்கொண்டு விலகுங்கள்.

அரை மணி நேரம் லோடு இல்லாமல். அப்போது கிராங்க்கேஸ் கதவு, பேரிங் கூடு எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் நிறுத்துங்கள். அதற்கு மேல் வெறுமனே ஓட்டாதீர்கள். லோடு இல்லாமல் நீண்ட நேரம் ஓடினால் லைனர் கண்ணாடிபோல் மெருகேறி ரிங் உட்காராது. பாதி லோடில் பம்பை இறைக்க விடுங்கள். இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, டாப்பட்டை மறுபடி சரிபாருங்கள். முதல் 25 மணி நேரத்தில் எண்ணெயை மாற்றுங்கள். புதுத் தேய்மானத்தின் துகள் எல்லாம் அதோடு போய்விடும்.

நர்சரி இன்ஜினுக்கு மொத்தத்தில் புதிதாகப் போட்டது ஒரு ரிங் செட், ஒரு கேஸ்கெட், ஒரு நாசில், எண்ணெய். கிளம்பிய அன்று அந்த அம்மா இன்ஜின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் அடியை எண்ணிக்கொண்டிருந்தார். "மாமனார் இப்படித்தான் சார் எண்ணுவார். அடி ஒண்ணு தப்பினாலும் எழுந்து வந்துடுவார்" என்றார்.

அவரிடம் நான் சொல்லிவிட்டு வந்ததுதான் உங்களுக்கும்: வாரத்துக்கு ஒருநாள், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரை மணி நேரம் லோடோடு ஓட்டுங்கள். நிறுத்தும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்தில், கம்ப்ரஷன் இறுகும் நிலையில் சக்கரத்தை நிறுத்தி, சைலன்சர் வாயை ஒரு டப்பாவால் மூடுங்கள். கடல் காற்றுக்கு உள்ளே போக வழி இருக்காது.